குறிக்கம்பத்தில் ஒரு நீலச் சீலை

இறுப்பிட்டிக்கு அப்பால், பனங்கூடல் முடிந்து கடல் தொடங்குகிற வெளியில், ஒரு பெரிய வெள்ளைத் தட்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. புங்குடுதீவுச் சனம் அதற்கு ‘ஆரூரன்ர குடை’ என்று பெயர் வைத்திருக்கிறது. மழைக்கு ஒதுங்க உதவாத குடை. பக்கத்தில் இரண்டு அறைக் கட்டடம், ஒரு தண்ணீர்த் தாங்கி, சுற்றிவர முள்ளுக்கம்பி. உள்ளே ஆரூரன் ஒருவன்தான். கடைக்கு வந்தால் பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு, ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு திரும்பிவிடுவான். இப்படியே இருந்தால் அவனுக்கு விசர் பிடிக்கும் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, ஊர் எதையும் சொல்லும்.

அவனுக்கு விசரில்லை, தனிமைதான். பெண்சாதி கேதீஸ்வரி லண்டனுக்குப் போய், கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்து, பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். தாய் தகப்பன் இல்லை. சகோதரங்கள் ஆளுக்கொரு நாட்டில். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற வயதில், காலையில் எழும்பினால் வாயைத் திறக்க ஒரு காரணமும் இல்லாத வீடு அவனுடையது.

வேலை என்னவென்றால், வானத்தில் சுற்றுகிற விண்கலங்களை ராடாரால் அளப்பது. உயிரோடு இருக்கிற செய்மதி தானே பேசும்; நான் இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லும். செத்த செய்மதி பேசாது. அதை நோக்கி இங்கிருந்து ஒரு அலையை அனுப்பி, பட்டுத் திரும்பி வருகிற எதிரொலியைப் பிடித்து, எவ்வளவு தூரம், எந்தத் திசை, என்ன வேகம் என்று கணக்கெடுக்க வேண்டும். ஆரூரனுக்குச் செத்த செய்மதிகளில்தான் கூடப் பட்சம். கேட்டால் மறுமொழி சொல்லாது, ஆனால் சொன்ன நேரத்துக்கு வரும். லண்டனுக்குப் போன ஆட்களைவிட அது எவ்வளவோ திறம் என்பது அவனுடைய எண்ணம்.

ஆனால் அளக்கிற கருவியை முதலில் அளக்க வேண்டும். கடைக்காரர் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது மாதிரி. அதற்கென்று அக்கரையில், நயினாதீவின் ஆளரவம் குறைந்த ஒரு பக்கத்தில், ஒரு கம்பத்தை நட்டிருந்தார்கள். ஆளெட்டும் உயரத்தில், மூன்று தகடுகளை மூலையாகப் பொருத்திய பெட்டி ஒன்று அதில் இருந்தது. பட்ட அலையை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். குறிக்கம்பம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு காலையும் தட்டோடு பொருத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்து அந்தக் கம்பத்தைப் பிடித்து, அலையை அனுப்பி, வழக்கமான எதிரொலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அன்றைய அளவுகளை நம்பலாம். வராவிட்டால் அளந்ததும் ஒன்றுதான், அளக்காமல் விட்டதும் ஒன்றுதான்.

ஆரூரன் வேலைக்கு வந்த புதிதில், ஒரு காலை எதிரொலி நோஞ்சானாக வந்தது. தொலைநோக்கியில் பார்த்தான். குறிக்கம்பத்தில் ஒரு நீலச் சீலை, ஈரக் கனத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. கம்பம் நின்றது சறோஜினிதேவி என்ற ஒரு அம்மாவின் வளவுக்குள். புருஷன் செத்துப்போய், மகள் கனடாவில் இருக்க, அறுபதை நெருங்கிய வயதில் அவ அங்கே தனியே இருந்தா. இதெல்லாம் அவனுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது அலுவலகம் தந்த தொலைபேசி எண் மட்டும். கதைத்துப் பழக்கமில்லாத மனுசன், எடுத்த எடுப்பில் சொன்னான்:

"அக்கா, அந்த நீலச் சீலையை ஒருக்கா கழட்டிவிடுறீங்களோ?"

அந்தப் பக்கம் வெடித்தது.

"ஆரடா நீ? எங்கை நிண்டடா பாக்கிறாய்? வேலிக்குப் பின்னாலை நிண்டியோ, இப்ப வந்து கண்ணைத் தோண்டிப்போடுவன்!"

"ஐயோ அக்கா, நான் வேலிக்குப் பின்னாலை இல்லை. புங்குடுதீவிலை நிக்கிறன்!"

"புங்குடுதீவிலை நிண்டுகொண்டு நயினாதீவிலை கிடக்கிற சீலையைப் பாக்கிறியோ? உனக்கு இன்னும் ஒருத்தரும் செருப்பாலை தரேல்லைப்போலை!"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. வானத்தில் போவதைப் பார்ப்பதற்குத் தன்னுடைய சீலை என்ன மறைப்பு என்று அவ கேட்டா. அதையும் சொன்னான். ஆடு எட்டாத உயரம், நல்ல காற்றுப் பிடிக்கிற இடம், அதில் போடாமல் வேறெங்கே போடுவது என்று அடுத்த கேள்வி வந்தது. ஞாயமான கேள்விதான். கடைசியில் அவ சீலையை எடுத்தா, அவன் குறி பார்த்தான், பிறகு அவ திரும்பவும் போட்டா.

மறுநாளும் சீலை கிடந்தது. அதற்கு மறுநாளும். அப்படியே அது ஒரு வழக்கமாகிவிட்டது. விடிந்ததும் அவ தோய்த்துக் கம்பத்தில் போடுவா. அவன் தொலைபேசி எடுப்பான்.

"அக்கா, சீலை மறைக்குது."

"பொறும் தம்பி." கொஞ்சம் நடக்கிற சத்தம், செருப்புச் சத்தம். "எடுத்திட்டன். இப்ப பாரும்."

"பாத்தன் அக்கா. வடிவாத் தெரியுது."

அந்த மூன்று பேச்சுக்குப் பின்னால் வேறு பேச்சும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு என்ன கறி என்று அவ கேட்பா, பருப்பு என்பான். நேற்றும் பருப்பு எண்டனீர், வயித்துக்கை பருப்பு முளைக்கப்போகுது என்பா. மகள் தர்சினி போன கிழமை கதைக்கவில்லை என்பா. கேதீஸ்வரி மூன்று வருசமாகக் கதைக்கவில்லை என்று அவன் ஒருநாள் சொன்னான். அதை அவன் வேறு எவரிடமும் சொன்னதில்லை. அவ ஒரு மணித்தியாலம் பிந்திச் சீலையைப் போட்டிருந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. அது அவவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

நேரில் பார்த்ததே கிடையாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறினால் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் அக்கரை. ஆனாலும் தனிய இருக்கிற பொம்பிளையின் வளவுக்குத் தனிய இருக்கிற ஆம்பிளை போனால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? அதோடு ஆரூரனுக்கு வெட்கமும் உண்டு. தொலைநோக்கிக்குள் ஒரு கை வந்து சீலையை இழுப்பதைப் பார்ப்பதே அவனுக்குப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சறோஜினிதேவி மகா கண்டிப்பு. விளக்கு வைத்த பிறகு துணி வெளியே கிடக்கக்கூடாது. மூதேவி வந்து குடியிருப்பாளாம். பொழுதுபட முன்னம், மழையோ காய்ச்சலோ, சீலை வீட்டுக்குள்ளே போய்விடும்.

"ஒருநாள் மறந்துபோனா என்னக்கா?" என்று அவன் பகிடியாகக் கேட்டான்.

"செத்தாத்தான் மறப்பன்," என்றா அவ.

அந்த வருசம் ஆனியில், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நேரம், கொழும்பிலிருந்து பொறியியலாளர் தனுஜன் தொலைபேசி எடுத்தான். தனுஜன்தான் ஆரூரனுக்கு மேலே இருப்பவன். வயதில் இளையவன், சொல்லில் அவசரம். பழைய விண்கலம் ஒன்று, பஸ் அளவு சாமான், செத்துப்போய்ச் சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாளை முற்பகல் தீவுகளுக்கு மேலாகப் போகும். அதுதான் கடைசிச் சுற்றாக இருக்கும்.

"உங்கட அளவு வந்தாத்தான் அண்ணை எங்கை விழும் எண்டு திடமாச் சொல்லலாம். மற்ற நிலையங்கள் குத்துமதிப்பாத்தான் சொல்லுவினம்."

"கடலிலை தானே விழும்?"

"பெரும்பாலும் கடலிலைதான். ஆனா பெரும்பாலும் எண்டதை நம்பி நான் நித்திரை கொள்ளேலாது."

ஆரூரனாலும் ஏலாது. அன்று காலை குறி பார்த்து முடிந்ததும் சறோஜினிதேவியிடம் சொன்னான்: "அக்கா, நாளைக்கு மட்டும் சீலையைப் போடாதேங்கோ. பெரிய வேலை கிடக்கு."

"நீர் எடுக்கச் சொல்லாட்டி எனக்குக் காலமை என்ன வேலை?" என்று சிரித்தா. "சரி சரி, போடேல்லை. நல்லா அளந்து முடியும்."

மறுநாள் விடிய அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நீலச் சீலை கிடந்தது.

முதலில் அவனுக்குப் பொல்லாத கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும் போட்டுவிட்டாவே, என்ன மனுசி இது! தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகுதான் இன்னொரு தரம் பார்த்தான். தோய்த்த சீலை கனமாகத் தொங்கும். இது சோளகக் காற்றில் பஞ்சாகப் பறந்து, கம்பத்தைச் சுற்றி முறுகிப்போய்க் கிடந்தது. காய்ந்த சீலை. நேற்றுப் போட்ட சீலை. விளக்கு வைத்த பிறகும், இரவு முழுவதும், வெளியே கிடந்த சீலை.

அவவின் எண்ணுக்கு எடுத்தான், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தான். திரும்பவும். கோயிலடியில் தெரிந்த ஒரு கடைக்கு எடுத்தான், மேளமும் நாதஸ்வரமும்தான் கேட்டது, யாரோ "ஆர்? ஆர்?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். திருவிழா நேரத்தில் தீவின் மறுகோடியில் ஒரு மனுசியைப் போய்ப் பாருங்கள் என்றால் யார் காதில் விழும்? அந்த நேரம் தனுஜன் எடுத்தான்.

"அண்ணை, குறி பாத்தாச்சோ?"

"இல்லை. சீலை கிடக்கு."

"என்னது?"

"சீலை. குறிக்கம்பத்திலை."

"அதை எடுக்கச் சொல்லுங்கோவன்!"

"எடுக்கிற ஆள் போன் எடுக்கேல்லை, தனுஜன். எனக்குப் பயமாக் கிடக்கு."

தனுஜன் பல்லைக் கடிப்பது இங்கே கேட்டது. "அப்ப ஓடிப்போய் எடுத்துப்போட்டு வாங்கோ. நேரம் கிடக்கு. ஆனா கட்டாயம் திரும்பி வந்திடோணும். குறி பாராம நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

கரையில் மீன்வாடி போட்டிருந்தவர் மண்டைதீவுச் சில்வெஸ்ரர். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் ஆரூரன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். அவன் இவ்வளவு சொல் சேர்த்துக் கதைத்ததைச் சில்வெஸ்ரர் அன்றுதான் கேட்டார். உடனே எழும்பினார்.

"வள்ளம் விடுறன். ஆனா நீரும் வாரும். தனிய ஒரு பொம்பிளை இருக்கிற வளவுக்கை முன்பின் தெரியாத நான் போய் நிக்கேலாது."

கடல் முரண்டு பிடித்தது. ஆயிரம் கிலோமீற்றரைக் கண் மூடித் திறக்க முன்னம் அளக்கிறவனுக்கு அந்தத் துண்டுக் கடல் முடியாமல் நீண்டது. கடவுளே, கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான். செத்தாத்தான் மறப்பன் என்று அவ சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

வளவு அவனுக்குத் தெரிந்த வளவுதான். ஒவ்வொரு நாளும் பார்த்தது. கம்பம், மேடு, வீட்டின் பின்சுவர், ஒரு முருங்கை. கிணற்றை மட்டும் அவன் பார்த்ததில்லை. பூவரசு மறைத்திருந்தது. அந்தப் பூவரசுக்குப் பின்னால், கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில், சறோஜினிதேவி கிடந்தா. ஒரு கால் பார்க்கச் சகிக்காதபடி மடிந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆரூரனைப் பார்த்து அந்தக் கண் அசைந்தது.

"தம்பியோ?" என்றா. குரல் வறண்டுபோயிருந்தது. "குரலைக் கேட்டு நல்ல உயரமான ஆள் எண்டெல்லோ நினைச்சனான்."

ஆரூரன் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். அழுதான். சில்வெஸ்ரர் கிணற்றில் அள்ளித் தண்ணீர் பருக்கினார்.

"பொழுதுபடச் சீலையை எடுப்பம் எண்டு வந்தனான். பாசியிலை வழுக்கிப் போட்டுது. கத்தினன், கோயில் மேளத்துக்கை ஆருக்குக் கேக்கும்? போன் வீட்டுக்கை அடிச்சுக்கொண்டே கிடந்தது." அவ மூச்சு எடுத்தா. "ஆனா தம்பி, நான் பயப்பிடேல்லை. விடிஞ்சா நீர் பாப்பீர் எண்டு தெரியும். சீலை கிடந்தா விடமாட்டீர் எண்டு தெரியும். உலகத்திலை எனக்கெண்டு காலமை பாக்கிறதுக்கு ஒரு ஆள் கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

அவன் சீலையை எடுத்து வந்தான். குறிக்கம்பம் இப்போது துலக்கமாக நின்றது. பார்க்கத்தான் புங்குடுதீவில் ஆளில்லை. சறோஜினிதேவிக்கு அது உடனே பிடிபட்டது.

"உம்மட பெரிய வேலை என்னாச்சு? போம். இவரோடை நான் சமாளிப்பன். போம் தம்பி."

"இவர் ஒருத்தர் உங்களை எப்பிடித் தூக்கிறது? அது விழுகிற இடத்திலை விழட்டும் அக்கா."

நீலச் சீலையை இரட்டையாக மடித்து, அதில் அவவைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். பனங்கூடலுக்குள்ளால் நடக்கும்போது அவனுடைய சட்டைப்பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தனுஜன்தான். இரண்டு கையும் சீலையில். கொஞ்ச நேரத்தில் அது தானாக ஓய்ந்தது. ஓய்ந்ததும் அவனுக்கு விளங்கியது, தலைக்கு மேலே விண்கலம் போய்விட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை, கால் இடறினால் அவ விழுந்துபோவா.

விண்கலம் தென்கடலில், மீன்களைத் தவிர ஒருவரும் இல்லாத இடத்தில் விழுந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். தனுஜன் தொலைபேசியில் கிழி கிழி என்று கிழித்தான்; கடைசியில், "அவ எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. அந்த வெளியில் வந்து தனியே இருக்க வேறு ஆள் கிடைக்காது என்பது அலுவலகத்துக்கும் தெரிந்திருந்தது. ஆனால் குறிக்கம்பத்தைச் சுற்றி வேலி அடித்துப் பூட்டுப் போட்டார்கள்.

மகள் தர்சினி பறந்து வந்தா. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து அழுதா. இனி உங்களை இந்தக் காட்டுக்குள்ளே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றா. கால் ஊன்ற ஏலுமானதும் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. நல்ல மகள்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆரூரன் ஒருதரம் தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். நேருக்கு நேர் இருந்தபோது இரண்டு பேருக்கும் ஒரு கதையும் வரவில்லை.

பிறகு வந்த காலைகளில் எதிரொலி சுத்தமாக வந்தது. ஒரு பிசிறில்லை. "அண்ணை, இப்பிடித் துப்புரவா ஒருநாளும் வந்ததில்லை!" என்று தனுஜன் பாராட்டினான். ஆரூரன் ஓம் என்றான். தொலைபேசியை வைத்துவிட்டு அந்தச் சுத்தமான கோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டு இருந்தான். கடைக்குப் போனால் பழையபடி இரண்டு சொல். சில நாள் அதுவும் இல்லை, விரலால் காட்டிவிட்டு வந்துவிடுவான்.

மார்கழியில் ஒரு காலை, குறி பார்க்கிற நேரம், தொலைபேசி அடித்தது. பழக்கமில்லாத நீண்ட எண்.

"தம்பி, நான் சறோக்கா. உங்கை இப்பதானே விடிஞ்சிருக்கும்?"

"ஓம் அக்கா," என்றான். "அங்கை?"

"இஞ்சை இருட்டிப்போச்சு. ஒரே பனி. மகள் இரவு வேலைக்குப் போயிட்டாள். மருமோனும் வேலை. பேரப்பிள்ளையள் அறைக்கதவைப் பூட்டிப்போட்டு இருக்குதுகள். பல்கனியிலை துணி போடக்கூடாதாம் தம்பி. சட்டமாம். மெசினுக்குள்ளை போட்டா அது காய்ச்சித் தருது. நல்ல வசதிதான், எல்லாம் வசதிதான். ஆனா நான் இண்டைக்கு விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது? என்ர பக்கம் ஒருத்தரும் பாக்கிறேல்லை தம்பி."

நான் இருக்கிறேன் என்று சொல்ல ஆரூரனுக்கு நாக்கு எழவில்லை. பழக்கத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். பூட்டிய வேலிக்குள்ளே குறிக்கம்பம் மொட்டையாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் கடைசியில். "உங்கட நீலச் சீலை மறைக்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கதிரை இழுபடுகிற சத்தம்.

"பொறும் தம்பி," என்றா.

ஊன்றுகோல் தட்டத் தட்ட, ஒரு காலை இழுத்து இழுத்து அவ நடந்து போவது கேட்டது. அவன் பொறுத்திருந்தான்.

"எடுத்திட்டன். இப்ப பாரும்."

"பாத்தன் அக்கா," என்றான் ஆரூரன். "வடிவாத் தெரியுது."